பல்லும் தோஷமும்
(நார்த்தாமலையில் பேசியதன் சுருக்கம்)



குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். பல்லோடு பிறந்துவிட்டாலோ குடும்பத்துக்கே ஆகாதாம். உடனே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், பரிகாரமென்று பணத்தைக் கொட்டுவதும், போதாததற்குப் பெற்றவளையே பழிப்பதும் நடக்கின்றன. மாமனே இல்லாத வீட்டில் அந்தப் பல் யாரைக் கடிக்குமோ, சாஸ்திரக்காரர்தான் சொல்லவேண்டும்!

ஒரிசாவில் ஜாஜ்பூர் ஜில்லாவில், 2009-ம் வருஷம், மேல் ஈறில் பல் கண்ட ஓர் ஆண் குழந்தைக்கு, இரண்டு வயதுகூட நிரம்பாததற்கு, ஒரு நாயைக் கலியாணம் செய்துவைத்தார்கள். இல்லாவிட்டால் புலி அடித்துவிடுமாம். நாம் சிரிப்பதற்கு இடமில்லை. அவர்களாவது புலிக்குப் பயந்தார்கள். படித்த நாம் பல்லுக்கே பயப்படுகிறோம்.

பல் என்பது பிறந்தபின் புதிதாக உண்டாவதல்ல. தாய் வயிற்றில் ஆறாவது வார வாக்கிலேயே பால்பல்லின் முளை தாடைக்குள் தொடங்கிவிடுகிறது. அது ஈறின் மேற்பரப்புக்கு மிக அருகில் அமைந்துவிட்டால் முந்திக்கொண்டு வெளிவரும். சில ஆயிரம் பிறப்புக்கு ஒன்று இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் அது குழந்தையின் சொந்தப் பால்பல்தான். பிடுங்கிவிட்டால் ஆறேழு வயதுவரை அந்த இடம் வெறுமைதான். ஆடுகிற பல்லானால் சங்கதி வேறு. தொண்டைக்குள் போய்விடக்கூடும், ஆகவே வைத்தியர் பார்க்கவேண்டும், கிழவி கையில் நூல் கொடுக்கக்கூடாது.

இனி சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். 2019 ஜூலையில் சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏழு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். வலது கீழ்த்தாடை வீங்கியிருந்தது. மூன்று வயதிலேயே வீக்கத்தைப் பெற்றோர் கண்டார்கள்; பையன் சோதிக்க விடவில்லை, அவர்கள் மேல் குறை சொல்வதற்கில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேற்புறமாய்த் திறந்து, சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு பையை எடுத்தார்கள். அதற்குள் 526 பற்கள்! மண்துகள்போல் சிறியதும் உண்டு, 15 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. எண்ணிப் பிரிக்கவே மணிக்கணக்காயிற்று. பல்லாகவேண்டிய திசு வழிதவறிக் கட்டியாய் வளர்ந்தது அது; புற்றுநோயல்ல. பையன் வாயில் 21 பற்களோடு வீடு திரும்பினான். இதற்கு எந்தக் கிரகம் எத்தனை பல் கொடுத்தது என்று கணக்குச் சொல்வார் உண்டா?

சென்னைக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. நம் புதுக்கோட்டையிலேயே 2023-ல் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. பஸ் சார்ஜ் பரிகார தட்சிணையைவிடக் குறைவு. தாடை ஒரு பக்கம் தடித்தாலும், ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து ஜோடிப் பல் தலைகாட்டாவிட்டாலும், குழந்தையை அங்கே காட்டி ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.