முதுகெலும்பைத் தளர்த்தும் புற்றுநோய்



மணப்பாடு தொடங்கி, குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம் வரை நீளும் நம் கடற்கரையில் முதுகுவலி புதிதன்று. வலை இழுப்போரும் சுமை தூக்குவோரும் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குச் செல்கின்றனர். பெரும்பாலான முதுகுவலி அவ்வாறே தீர்ந்தும் விடுகிறது. ஆயினும், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இவ்வழக்கம் ஆபத்தானது. அவர்களுக்காகவே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாது பணிபுரிகின்றன. இரண்டும் சமமாக இயங்கும் வரை எலும்பு உறுதியாக இருக்கும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் இரத்தத்தின் வழியே எலும்பை அடையும்போது அச்சமநிலை குலைகிறது. முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைகளில் வால்வுகள் இல்லாமையால் அங்கு இரத்தம் இரு திசையிலும் ஓடக்கூடும். நோய் அங்கு எளிதில் சென்று தங்க இதுவும் ஒரு காரணம் என்பதை 1940இல் அமெரிக்க அறிஞர் பேட்சன் எடுத்துரைத்தார்.

அங்கு தங்கிய புற்றுநோய்ச் செல்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிப் பொருள்களோ புற்றுநோய்க்கே உணவாகின்றன. நோய் வளர எலும்பு கரைகிறது. எலும்பு கரைய நோய் வளர்கிறது. புராஸ்டேட் புற்றுநோயில் புது எலும்பு மிகுதியாக உருவாவதும் உண்டு. அது ஒழுங்கற்றதாகையால் அதற்கும் வலிமை குறைவே. புழு துளைத்த வள்ளத்துப் பலகை வெளியே முழுமையாகத் தோன்றும். ஓர் அலை மோதினால் உடையும். அவ்வாறே, அரிக்கப்பட்ட முள்ளெலும்பு குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதே நொறுங்கிவிடலாம். எலும்பின் பெரும்பகுதி கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியும். ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல், எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

படுத்தாலும் தணியாத வலி, இரவில் கூடும் வலி, இருமினாலும் தும்மினாலும் மிகும் வலி, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற வலி ஆகியன எச்சரிக்கைகள். கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் கழிப்பது தடைப்பட்டாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாகலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடக்க முடிகின்ற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களுள் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கின்றனர். கால்கள் முற்றிலும் செயலிழந்த பின் வருவோருள் மீண்டும் நடப்பவர் சிலரே. சுளுக்கெடுப்பதும் நீவி விடுவதும் கூடவே கூடாது. நோயாளியைப் படுத்த நிலையிலேயே வாகனத்தில் அழைத்துச் செல்ல வேண்டும்.

“எலும்புக்கு வந்துவிட்டது, இனி என்ன பயன்?” என்று கைவிடுவோரும் உளர். அது சரியன்று. கதிர்வீச்சு பலருக்கு வலியைத் தணிக்கிறது. சிலருக்கு ஒரே முறை அளிப்பதே போதுமானதாகிறது. எலும்புக் கரைவைக் குறைக்கும் ஊசி மருந்துகளும், தேவையானவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியபோது, புற்றுநோய் என்றாலே மரணம் என்று மக்கள் அஞ்சினர். 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அந்த அச்சத்தைப் போக்கவே வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். இன்று நெல்லை, மதுரை அரசு மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சு சிகிச்சை கிடைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

முதுகெலும்பு தளர்ந்தவர் ருகூவும் ஸஜ்தாவும் செய்ய வேண்டுமே என்று தம்மை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. இயலாதவர் அமர்ந்தும் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்துள்ளது.

நம் தெருக்களில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் யார் என்பதை அண்டை வீட்டார் அறிவர். அவர் முதுகு வலிக்கிறது என்று சொல்லும் நாளில், தைலத்தை எடுக்காமல் வாகனத்தை ஏற்பாடு செய்வோமாக.