புரூட்டன் கண்ட குறை



நான்கே ஆண்டுகளில் 19 தடவை ரத்தத்தில் கிருமி பரவி, ஒவ்வொரு தடவையும் எமன் கையிலிருந்து மீண்டுவந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய ரத்தத்தின் சீரத்தை, அமெரிக்க ராணுவத்தின் வால்ட்டர் ரீட் மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை வைத்தியர் மின்சாரத்தின் துணைகொண்டு பகுத்துப் பார்த்தபோது, நோயெதிர்ப்புப் புரதங்கள் சேரும் காமா குளோபுலின் என்ற பகுதி இருக்கவேண்டிய ஸ்தானம் வெறுமையாக இருந்தது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதத்தை மாதந்தோறும் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினார், பையன் தேறினான். 1952இல் அவர் இதை வெளியிட்டார். பரிகாரம் உடனே கிடைத்தது. காரணம் கிடைக்க 41 வருஷம் ஆயிற்று.

1993இல் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்ட அந்தக் காரணம் ஒரு நொதி. அதற்குப் புரூட்டன் பெயரையே சூட்டினார்கள். அந்த நோயெதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் வெள்ளணு வகையான பி அணுவின் மேற்பரப்பில் அந்நியப் பொருள் வந்து ஒட்டியதும், அணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பொருத்துவதே அதன் தொழில். அவ்வாறு கைமாறிச் செல்லும் செய்தி அணுவின் உட்கருவரை எட்டுகிறது. இந்நொதி இல்லையேல், எலும்பு மஜ்ஜையில் பிறந்த பி அணுக்கள் பக்குவமடையாமல் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெரும்பாலும் தாய் நோயின்றிச் சுமந்துவர, மகனே அவதிப்படுகிறான். (இதைக் கேட்டுவிட்டு மாமியார் எவரும் மருமகள்மேல் பாய வேண்டாம், அந்தப் பிழை அவள் விரும்பி வாங்கிய சீதனமன்று.)

இல்லாமையால் விளையும் கேடு இது. ஓயாமையால் விளையும் கேடோ அதற்கு நேர்மாறானது. சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் இதே நொதி இடைவிடாது செய்தி அனுப்பி, சாகவேண்டிய பி அணுக்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரூட்டினிப் என்ற மருந்து, அந்நொதியின் 481ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது. ரசாயன சிகிச்சையின் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு வாயால் விழுங்கும் இம்மருந்து பெரிய ஆறுதல் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ரத்தத் தட்டணுக்களிலும் இந்நொதி வேலை செய்வதால், சிலருக்கு ரத்தக் கசிவு உண்டாகிறது. சிலருக்கு இதயத் துடிப்பும் தாளம் தவறுகிறது.

புற்றுநோயும் சளைக்கவில்லை. அந்தச் சிஸ்டீனைச் செரீனாக மாற்றிக்கொண்டு மருந்தின் பிடியை நழுவச் செய்தது. அந்தச் சிஸ்டீனின் தயவின்றியே நொதியில் சென்று பொருந்தும் பிர்டோபுரூட்டினிப் 2023இல் அனுமதி பெற்றது. அதற்கும் தப்பிக்க, நொதியின் வேறு இடங்களை மாற்றிக்கொண்ட அணுக்கள் சில நோயாளிகளிடம் ஏற்கெனவே தென்பட்டுவிட்டன.