பார்த்தீனியச் செடியை இனங்காணுதல்



சாலையோர வெண்பூக்களை எவரும் உற்று நோக்குவதில்லை. எனினும், அவற்றுள் ஒன்றை நாம் அடையாளம் கண்டே ஆகவேண்டும். அதுவே பார்த்தீனியம். மலாய் மொழியில் ‘ரும்பாய் மியாங் மெக்சிகோ’ என்பர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியே அதன் தாயகம். தமிழகம் சென்று வந்தவர்கள் அதனை அங்கே தரிசு நிலங்களில் கண்டிருப்பீர்கள். நம் நாட்டில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில், 2013ஆம் ஆண்டு அது கண்டறியப்பட்டது.

இளஞ்செடியின் இலைகள் தரையோடு தட்டுப்போல் படர்ந்திருக்கும். கேரட் இலைபோல் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பின்னர் நீளக் கோடுகளும் மெல்லிய உரோமமும் உடைய தண்டு எழுந்து, பல கிளைகள் விட்டு, மார்பளவு உயரும். கிளைநுனிகளில் கொத்துக்கொத்தாகப் பூக்கள் மலரும். ஒவ்வொரு பூவும் மிளகளவே இருக்கும். அருகில் நோக்கினால் ஐந்து மூலைகள் தெரியும்.

நாம் விரும்பி உண்ணும் உலாம் ராஜாவின் இலையும் இவ்வாறே பிளவுபட்டதுதான். ஆகவே, பூக்காத செடியில் ஏமாற இடமுண்டு. உலாம் ராஜாவின் இலைகள் தண்டில் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும்; பார்த்தீனியத்தில் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி நிற்கும். உலாம் ராஜாவின் பூ பெரியது, இளஞ்சிவப்பு நிறமுடையது. வெட்டுக்காயப் பூண்டோ நீண்ட காம்பில் ஒற்றைப் பூவைத் தாங்கும்; அதன் நடுப்பகுதி மஞ்சளாகும். அதனை அஞ்ச வேண்டுவதில்லை.

பார்த்தீனியம் மேனியில் படப்பட, தோல் அரிப்பும் புண்ணும் தோன்றலாம். ஆஸ்துமாவும் வரக்கூடும். முதல்நாள் பிடுங்கியபோது ஒன்றும் நேரவில்லையே என்று சிலர் கூறுவர். ஒவ்வாமை பலமுறை தொட்ட பின்னரே வெளிப்படுவதுண்டு. ஆடு மாடுகள் மிகுதியாகத் தின்றால் நோயுறும், பாலும் கசக்கும். கறவை மாடு வைத்திருப்போருக்கு இது சிறிய இழப்பன்று.

அடர்ந்த பால்மர நிழலில் இச்செடி செழிப்பதில்லை. மறுநடவுக்காகத் திறந்த நிலம், லயத்தைச் சுற்றிய வெளி, மாட்டுக்கொட்டகை, லாரி நிற்குமிடம் ஆகியவற்றையே நோட்டமிடுங்கள். ஒரே செடி 10,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடும். அவை டயரிலும் காலணியிலும் ஒட்டிய சேற்றோடு பயணம் செய்யும்.

கண்டவுடன் வெறுங்கையால் தொடாதீர்கள். பூத்த செடியை அசைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்திற்கோ விவசாய இலாகாவிற்கோ தெரிவியுங்கள். பூக்காத சிறுசெடியாயின், கையுறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டுங்கள். அணிந்த ஆடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.