விண்கோளும் விளைநிலமும்



சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சென்றால், தடா என்னும் ஊருக்கு மேற்கே ஸ்ரீ சிட்டி என்ற தொழில் நகரத்தைக் காணலாம். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களைச் சேர்ந்த கிராம நிலங்களில் 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நகரம் இது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. மோட்டார் வண்டிகளும் மெட்ரோ ரயிற் பெட்டிகளும் சாக்லேட்டும் இங்கே உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் கைகளில் தமிழர் கைகள் பல. சத்தியவேட்டுப் பகுதியின் பழங்குடிகளிலும் தமிழர் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்கள் பல, எல்லை மாற்றத்தால் ஆந்திரத்தின் பக்கம் வந்தன. நம்மைப் போல மூட்டை கட்டிப் புறப்படாமலே, இருந்த இடத்திலேயே வெளிமாநிலத்தவர் ஆனவர்கள் அவர்கள்.

இந்நகரத்துக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து புகைக் கோடு இழுத்துக்கொண்டு எழும் ராக்கெட்டை, வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் நம்மவர் பலர் அண்ணாந்து பார்த்திருப்பர். அது சுமந்து செல்லும் கோள்களுள் சில, மேலே சென்றதும் கீழே திரும்பி நம் வயல்களையே பார்க்கின்றன. ஊரில் நாம் விட்டுவந்த நிலத்தைப் பற்றி அவை என்ன கூற வல்லன, அக்கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். இது வெறும் விஞ்ஞான வேடிக்கையன்று. பயிர்க் காப்பீட்டுப் பணம் ஒரு கிராமத்துக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதில் இப்போது இக்கோள்களின் சாட்சியமும் சேர்ந்துவிட்டது.

இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? அதிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டு, பச்சையை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. இது பள்ளிச் சிறுவர் அறிந்ததே. ஆனால் சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு என்றோர் ஒளி உண்டு. அதை இலை உண்பதில்லை. இலையின் உள்ளமைப்பு அதில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி வீசிவிடுகிறது. ஆகவே, செழித்த பயிர் சிவப்பில் இருண்டும் அகச்சிவப்பில் ஒளிர்ந்தும் தோன்றும். வெறும் மண்ணில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இராது.

இதை ஒரு கணக்காக்கினர். அகச்சிவப்பின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, வரும் தொகையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செழித்த நெல் வயல் அகச்சிவப்பில் நூற்றுக்கு 40 பங்கும் சிவப்பில் 5 பங்கும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 35ஐ 45ஆல் வகுத்தால் 0.78 வரும். காய்ந்த செம்மண் 25 பங்கும் 20 பங்கும் அனுப்பினால், 5ஐ 45ஆல் வகுக்க 0.11. முதல் எண் பசுமை, இரண்டாவது வறட்சி. தாவரக் குறியீடு என்று இன்று உலகெங்கும் வழங்குவது இந்த எளிய கழித்தலும் வகுத்தலுமே.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்டவர், சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற பிஷாரடி என்னும் கேரளத்து விஞ்ஞானி. 1970 வாக்கில் கேரளத்தின் தென்னந்தோப்புகளை வேர்வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. அவர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புக்கு உணர்வுள்ள படச்சுருளில் தோப்புகளைப் படமெடுக்கச் செய்தார். அவ்வகைப் படத்தில் அகச்சிவப்பைச் செந்நிறமாகக் காட்டுவது வழக்கம்; ஆதலால் நலமுள்ள மரம் சிவந்தும், நோயுற்ற மரம் நிறம் மங்கியும் தெரியும். ஒவ்வொரு மரத்தடிக்கும் சென்று அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலையை மேலிருந்து செய்யலாம் என்பது அன்று தெளிவாயிற்று. 1974-75இல் அனந்தப்பூர் மாவட்டத்திலும் பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்திலும் விமானத்திலிருந்து பயிர்க் கணக்கெடுக்கும் பரிசோதனை நடந்தது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நமது தொலையுணர்வுக் கோள் ரஷ்ய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. 1994 அக்டோபரில் அவ்வரிசையைச் சேர்ந்த ஒரு கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே நம் சொந்த ராக்கெட்டில் எழுந்தது.

இனிக் குறைகளுக்கு வருவோம். இங்கேதான் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

கோளின் கண் நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகவே பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் இருப்பனவற்றையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. 2016 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ரிசோர்ஸ்சாட் 2ஏ கோளின் அகன்ற பார்வையுள்ள கருவிக்கு ஒரு கட்டம் 56 மீட்டர் சதுரம். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 77 சென்ட், அதாவது முக்கால் ஏக்கர். அதே கோளின் மற்றொரு கருவிக்கு 23.5 மீட்டர், ஏறத்தாழ பதின்மூன்றரைச் சென்ட். ஐரோப்பியரின் சென்டினல் 2 கோள்களுக்கு 10 மீட்டர், இரண்டரைச் சென்ட். பஞ்சாபின் பரந்த கோதுமை வயலுக்கு முக்கால் ஏக்கர்க் கட்டம் போதும். தகப்பனாரின் ஒன்றரை ஏக்கரை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் நெல்லும் ஒருவர் வேர்க்கடலையும் பயிரிட, மூன்றாமவர் நம்மைப் போல் வெளியூருக்குப் போய்விட்டிருந்தால், அக்கட்டத்துக்குள் மூவருடைய நிலமும் சேர்ந்துவிடும். கோள் பொய் சொல்வதில்லை. மூன்று பேரின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அவ்வளவே.

அடுத்தது மேகம். வடநாட்டுக் கோதுமை தெளிந்த குளிர்கால வானத்தின் கீழ் விளைகிறது. நம் கடற்கரையில், நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரையில், சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. பயிரைப் பார்க்க வேண்டிய நாளில் மேகம் கண்ணை மறைத்துவிடும். இதற்கு மாற்றாக வந்ததே ராடார். அது சூரிய ஒளியை நம்புவதில்லை; தானே நுண்ணலையை அனுப்பி, அது திரும்பி வருவதை அளக்கிறது. மேகம் அதற்குத் தடையன்று, இரவும் தடையன்று. நீர் தேங்கிய நாற்று வயல் ராடார்ப் படத்தில் கண்ணாடி போல் கறுத்துத் தோன்றும். பயிர் எழ எழ வெளிறும். இம்மாற்றத்தைத் தேதி வாரியாகத் தொடர்ந்தால், எங்கே நடவு நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பது புலனாகும்.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் 62 சதவீதம் குறைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். டெல்டாவில் கருகிய பயிரை எண்ணி எத்தனை பேர் ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம்! அவ்வாண்டு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து, ராடார்ப் படங்களைக் கொண்டு நெற்பரப்பையும் விளைச்சல் இழப்பையும் கணித்தனர். அக்கணிப்பு காப்பீட்டு இழப்பீட்டுக்கும் பயன்பட்டது. 2023 கார் பருவத்திலிருந்து பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல், கோதுமை ஆகியவற்றின் விளைச்சலை முடிவு செய்கையில், விண்கோள் முதலிய கருவிகளின் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரப்படுகிறது. மீதிக்கு முன்போலவே கிராமத்தில் கதிரறுத்து நிறுத்துப் பார்க்கும் சோதனை. அறுத்துப் பார்ப்பது நின்றுவிடக் கூடாது என்பதே நம் கருத்து. ஏன் என்பதற்கு இனிச் சொல்லப்போகும் சான்று ஒன்றே போதும்.

சீமைக் கருவேலம் நாம் எல்லோரும் அறிந்த மரம். 1877 வாக்கில் அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த இம்முள்மரம், கைவிட்ட புன்செய், தூர்ந்த ஏரி, வாய்க்கால் கரை என ஆளில்லாத இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. வேர் ஆழமாகப் போவதால் வெயிற்காலத்திலும் பசுமை குன்றாது. ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த படத்தில், அடர்ந்த சீமைக் கருவேலங்காடும் நன்கு விளைந்த வயலும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஒருவர் பிழைப்புத் தேடி ஊரை விட்டார், நிலம் தரிசாயிற்று, தரிசில் முள் வளர்ந்தது. மேலிருந்து பார்க்கும் கணக்கிலோ அது பசுமை கூடிய நிலம்! பசுமைப் பரப்புப் பெருகியது என்று மகிழும் அறிக்கையைப் படிக்கும்போது, அதில் நம் ஊரின் காலி வீடுகளும் சேர்ந்திருக்குமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கும் வழி உண்டு. ஒரு படத்தை நம்பாமல், ஆண்டு முழுவதற்குமான படங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பயிரின் எண் நடவுக்குப் பின் ஏறி, கதிர் முற்றியதும் சடக்கென்று இறங்கும். முள்ளின் எண் பெரிதும் இறங்குவதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிளிமூக்கு மாந்தோப்பும், கடலோரத்துச் சவுக்கும் இறங்குவதில்லை என்பதால், மா எது, சவுக்கு எது, முள் எது என்று சொல்ல அந்நிலத்தில் நின்று பார்த்த ஒருவர் வேண்டும். விஞ்ஞானிகள் இதைக் களச் சான்று என்பர். கிராமத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவான்.

மண்ணைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். ஈர மண் காய்ந்த மண்ணினும் இருண்டு தெரியும். இரும்புச் சத்து மண்ணைச் சிவக்கச் செய்யும். பழவேற்காட்டு ஓரத்து உவர் மண் உலர்ந்தால் வெளுத்து மின்னும். இவற்றை ஒளிமாலைக் கருவி பிரித்தறியும். ஆயினும் அது காண்பது மேற்பரப்பை மட்டுமே. பயிர் மூடியிருந்தால் அதுவும் இல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நைசார் என்னும் இந்திய அமெரிக்கக் கூட்டுக் கோளில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ராடாரும் இருக்கிறது. நீண்ட அலை இலைகளை ஓரளவு ஊடுருவி, மேல்மண்ணின் ஈரத்தை அறிய உதவும். தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு என்று அறிய, இன்றும் மண்வெட்டியால் மாதிரி எடுத்து ஆய்வுச்சாலைக்கு அனுப்புவதே வழி.

இக்கோள்களின் படங்களைப் பார்க்க இன்று யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஐதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன் தளம் 2009 முதல் இயங்கிவருகிறது. அமெரிக்க லாண்ட்சாட் கோள்களின் 1972 முதலான படங்களும், சென்டினல் 2இன் படங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஸ்ரீ சிட்டியில் வேலை செய்யும் அன்பர்கள், தாம் நிற்கும் இடத்தின் 2008க்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். செம்மண் புன்செய்யும் புதர்க்காடும் ஏரிகளும் இருந்த இடத்தில், எல்லா ஒளியையும் திருப்பி வீசும் வெள்ளைக் கூரைகளைக் காண்பார்கள்.

பிறகு சொந்த ஊருக்குப் போகலாம். மானாவாரி நிலமானால், தை மாதத்துப் படம் ஒன்றும் வைகாசி மாதத்துப் படம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பைச் செந்நிறமாகக் காட்டும் படமாக இருக்கட்டும். தையில் சிவந்து வைகாசியில் வெளுத்திருந்தால், அங்கே யாரோ உழுது விளைத்து அறுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டிலும் சிவந்திருந்து, அங்கே தென்னையோ மாவோ வைத்த நினைவு உங்களுக்கு இல்லையானால், ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை அந்த வரப்பு வரை சென்று பார்த்துவரச் சொல்லுங்கள்.