முட்புதரின் நிழல்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 20ஆம் வாரம், புதன். முதல் வாசகம்: நீதித் தலைவர்கள் 9:6-15)



இன்றைய முதல் வாசகத்தைக் கோவிலில் வாசிக்கும்போது பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. விவிலியம் என்றாலே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே நாம் பழகிவிட்டோம். ஆனால் கெரிசிம் மலையுச்சியில் நின்று யோத்தாம் உரத்த குரலில் சொன்னது ஒரு கேலிக் கதை. மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவ மரத்திடம் போகின்றன. "என் எண்ணெயை விட்டுவிட்டு உங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கவா?" என்கிற பொருளில் அது மறுத்துவிடுகிறது. அத்திமரத்துக்கு அதன் இனிப்பு போதும், திராட்சைக் கொடிக்கு அதன் இரசம் போதும். வேலை இருப்பவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிட, கடைசியில் முட்புதர் முன்வருகிறது. வாருங்கள், என் நிழலில் அடைக்கலம் புகுங்கள் என்கிறது.

முட்புதருக்கு ஏது நிழல்? அதன் நிழலில் ஒதுங்க வேண்டுமானால் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். அப்போதும் முதுகில் முள் குத்தும். லெபனோனின் கேதுரு மரம் எவ்வளவு உயரம்! அது இந்த நிழலுக்குள் எப்படிக் குனிந்து நுழையும்? கேட்டுக்கொண்டிருந்த செக்கேம் ஊராரில் யாராவது ஒருவர் இந்த இடத்தில் சிரித்திருப்பார் என்றே நாம் நினைக்கிறோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முட்புதர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறது: வராவிட்டால் என்னிலிருந்து தீ கிளம்பி உங்களை எரித்துவிடும். நிழல் தருவதாகச் சொன்ன அதே வாய், அதே மூச்சில் தீயையும் காட்டுகிறது. இல்லாத ஒன்றை வாக்களிப்பதும், வேண்டாம் என்பவரை மிரட்டுவதும் ஒரே பேச்சின் இரண்டு பாதிகள் என்பதை யோத்தாம் எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

வாசகம் ஆறாம் வசனத்தில் தொடங்குகிறது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து முதல் ஐந்து வசனங்களையும் வாசித்துவிடுங்கள். அங்கேதான் அபிமெலக்கின் தேர்தல் பிரச்சாரம் இருக்கிறது. இவர் கிதியோனின் மகன். தம் தாயின் ஊரான செக்கேமுக்கு வந்து, மாமன்மார் வழியாக ஊரில் ஒரு கேள்வியைப் பரப்புகிறார்: எழுபது பேர் உங்களை ஆள்வது நல்லதா, ஒருவர் ஆள்வது நல்லதா? கூடவே, நான் உங்கள் எலும்பும் சதையும் என்பதை மறந்துவிடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. எழுபது பேருக்கு யார் கப்பம் கட்டுவது? ஆனால் எழுபது பேர் ஆளப்போவதாக யார் சொன்னார்கள்? முந்திய அதிகாரத்தில் கிதியோன், நானும் ஆள மாட்டேன், என் மகனும் ஆள மாட்டான், ஆண்டவரே உங்களை ஆள்வார் என்று சொல்லிவிட்டாரே! இல்லாத ஆபத்து ஒன்றை முதலில் நிறுத்தி, அதற்கு மருந்தாகத் தம்மை நிறுத்துகிறார் அபிமெலக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர் அப்போதே தோற்றுவிட்டார். 2018ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், பொய்ச் செய்திகளைப் பற்றிப் பேசும்போது ஏதேன் தோட்டத்துப் பாம்பை நினைவூட்டினார். அதுவும் கேள்வியோடுதான் வந்தது. ஒரு மரத்தை மட்டும் விலக்கியிருந்தார் கடவுள். எந்த மரத்திலிருந்தும் உண்ணக் கூடாது என்று சொன்னாராமே என்று பாம்பு கேட்கிறது.

இனி அந்த "எலும்பும் சதையும்". இதற்கு நம் தெருவில் வேறு பெயர் உண்டு. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில், கைகூப்பியபடி "உங்கள் வீட்டுப் பிள்ளை" வருவார். வண்டியில் அப்படிச் சொல்வதை, டீக்கடையில் "நம்ம ஆளு" என்று இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள். என்ன செய்வார், இதுவரை என்ன செய்தார் என்ற கேள்விகளை இந்த இரண்டு சொற்களும் வாசலிலேயே நிறுத்திவிடும். செக்கேமில் அது பலித்தது. கோவில் கருவூலத்திலிருந்து எழுபது வெள்ளிக்காசு கிடைத்தது. அதைக் கொண்டு அடியாள்களைக் கூலிக்கு அமர்த்தி, சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் வெட்டினார். ஒளிந்து தப்பிய கடைக்குட்டிதான் யோத்தாம். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே செக்கேம் கோபுரத்தார் ஒளிந்திருந்த அரணின்மேல், மரக்கிளைகளை வெட்டிக் குவித்துத் தீ வைத்தவரும் இந்த "எலும்பும் சதையும்" தான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்களும் பெண்களும் மாண்டார்கள் என்கிறது விவிலியம்.

பிளேட்டோ எழுதிய கோர்கியாஸ் என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு வழக்கைக் கற்பனை செய்கிறார். குற்றம் சாட்டுபவர் சமையற்காரர், குற்றவாளிக் கூண்டில் மருத்துவர், தீர்ப்பு சொல்பவர்கள் சிறுபிள்ளைகள். இந்த ஆள் உங்களுக்குக் கசப்பு மருந்து கொடுத்தார், உடம்பைக் கீறினார், பட்டினி போட்டார். நானோ உங்களுக்கு இனிப்பு கொடுத்தேன் என்கிறார் சமையற்காரர். மருத்துவர் என்ன சொல்லித் தப்ப முடியும்? "எல்லாம் உங்கள் நலத்துக்காகத்தான்" என்றால் பிள்ளைகள் இன்னும் பெரிதாகக் கூச்சல் போடுவார்கள். இதில் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. சமையற்காரரை மட்டும் நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம். தீர்ப்பு சொல்லும் பிள்ளைகளின் வரிசையில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது.

நம் ஆண்டவரும் இந்தக் கேலியை அறிந்தவர். இறுதி இராவுணவின்போது, தங்களில் யார் பெரியவர் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்தார்கள். பிற இனத்தாரின் அரசர்கள் மக்களை அடக்கி ஆள்கிறார்கள், அப்படி ஆள்பவர்களுக்கு "நன்மை செய்பவர்" என்று பெயர் வேறு என்றார் அவர் (லூக்கா 22). இது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. எவர்கெத்தேஸ், அதாவது நன்மை செய்பவர் என்பது அந்தக் கால அரசர்களின் உண்மையான பட்டம். எகிப்தில் எட்டாம் தாலமி அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். அலெக்சாந்திரியா நகர மக்கள் அதில் முன்னெழுத்துகளை மட்டும் மாற்றி, ககெர்கெத்தேஸ், அதாவது தீமை செய்பவர் என்று அழைத்தார்கள். அதோடு விடவில்லை, தொந்தியார் என்று பொருள்படும் பிஸ்கோன் என்ற பெயரையும் வைத்தார்கள். வாளும் வேலும் இல்லாதவர்கள் கையில் இருந்தது அந்த ஒரு கேலிதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் வரலாற்று நூல்களில் அந்த அரசரோடு தொந்தியும் சேர்ந்தே வருகிறது!

அண்மைக் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1961 ஜூன் 15 அன்று, சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் உல்பிரிக்ட் செய்தியாளர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் நகரின் குறுக்கே முள்கம்பி வந்தது, பின்னால் சுவரும் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்". பாதுகாப்பு என்றால் காவலரின் துப்பாக்கி வெளியே பார்த்தல்லவா இருக்க வேண்டும்? உள்ளே இருந்து தப்பி ஓடுகிற சொந்த மக்களைப் பார்த்தே அது இருந்தது.

சுவர் என்றதும் நம்மில் சிலருக்கு வேறொரு சுவர் நினைவுக்கு வந்திருக்கும். தமிழகத்தில் சில பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில், சாதியின் பெயரால் இறந்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர். நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கிலும் அது இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அதைப் பற்றிப் பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம். எழுதினோம் என்றுதான் சொல்கிறோம், ஏனெனில் அந்தத் தாளில் எங்கள் கையெழுத்தும் உண்டு. அதில் "சாதி" என்ற சொல் இல்லை. "சுவர்" என்ற சொல்கூட இல்லை. "சமூக நல்லிணக்கம் கருதி, நெடுநாளைய வழக்கப்படி, தற்போதுள்ள அமைப்பு தொடரலாம்" என்று இருந்தது. யார் தொடர்கிறார்கள், யாருக்கு எதிராக என்று எதுவும் அதில் தெரியாது. படிக்கக் காதுக்கு இனிமையாகவும் இருந்தது.

செயலர் வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "சாமி, ஒரு சந்தேகம். கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்ப, அந்தப் பக்கத்துக்கு ஒரு சம்மனசு, இந்தப் பக்கத்துக்கு ஒரு சம்மனசுன்னு ரெண்டு பேரு வருவாங்களா? இல்ல, ஒரே சம்மனசு சுவரு மேல நின்னுக்கிட்டு ஊதுவாரா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம், கையெழுத்துப் போட்டவர்களும் சேர்ந்துதான். சிரிப்பு அடங்கியபோது அந்தத் தாளை மறுபடி வாசிக்கச் செயலருக்கு வாய் வரவில்லை. "அமைப்பு" என்ற சொல்லை அதன்பின் அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. சுவர் என்றே சொன்னார்கள். ஆனால் சுவர் அன்று விழுந்துவிடவில்லை. பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு குடும்பங்கள் அந்தப் பாட்டியோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

யோத்தாமும் கதையைச் சொல்லி முடித்ததும் அபிமெலக்குக்கு அஞ்சி ஓடிப்போனார் என்றே விவிலியம் சொல்கிறது. பெயேர் என்ற ஊரில் போய்த் தங்கிவிட்டாராம். பாட்டி எங்கும் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு எங்களுக்கு முன்பே வந்து, இம்முறை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.