தண்ணி வெளிய போகல: அம்மா வீட்டு டிஷ்வாஷரை டீபக் பண்ணின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு எபிசோட்ல கோடு இல்லை, சர்வர் இல்லை. ஒரு டிஷ்வாஷர் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு இன்ச் உயரத்துக்குக் கலங்கின தண்ணி நிக்குது. வெளிய போக மாட்டேங்குது. அவ்வளவுதான் பிரச்சினை.

எங்க ஊர் சிறுவாச்சூர். பெரம்பலூர்லேர்ந்து திருச்சி போற வழியில இருக்கு. மதுரகாளியம்மன் கோயில்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். விசேஷ நாளை விட்டுட்டா, வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் கோயில் நடை திறக்கும். அதனால சொந்தக்காரங்க ஞாயித்துக்கிழமை ராத்திரியே எங்க வீட்டுக்கு வந்து தங்கிடுவாங்க. பத்துப் பேர், சில வாரம் பதினஞ்சு பேர். அத்தனை பேர் சாப்பிட்ட பாத்திரமும் அம்மா கையிலதான் கழுவியாகணும். அவங்களுக்கு சோப்பு ஒத்துக்காது. விரல் இடுக்குல தோல் வெடிச்சு ரத்தம் வரும்.

அதுக்காகத்தான் போன தீபாவளிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "நாலு தட்டைக் கழுவ இம்மாம் பெரிய பீரோவாடா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு மாசத்துல பழகிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு டெமோ காட்டுற அளவுக்குப் பழகிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் வீடியோ கால்ல பேசும்போது அம்மா கன்னத்துல கை வெச்சிருந்தாங்க. விரல்ல பிளாஸ்திரி. "என்னம்மா இது?"ன்னு கேட்டா பேச்சை மாத்துறாங்க. விடாம கேட்டப்பதான் சொன்னாங்க, மெஷின் நின்னு மூணு வாரம் ஆச்சாம். "நான்தான் எதையோ போட்டுக் கெடுத்துட்டேன்போல. இவ்ளோ காசு குடுத்து வாங்கினது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்கணும்? "பரவாயில்லம்மா"ன்னு. நான் சொன்னது: "தட்டுல இருக்கிறதை வழிச்சுட்டுப் போடுங்கன்னு சொன்னேன்ல? முருங்கைக்காய் சக்கையோட போட்டீங்களா?" ஆபீஸ்ல டிக்கெட் வந்த உடனே லாக் கூடப் பாக்காம "யூசர் எரர்"னு மூடுவோமே, அதே புத்தி.

கம்பெனி சர்வீஸ்ல கேட்டா, ஆள் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. நான் சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

சரி, மெஷினுக்கு வருவோம். முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. அப்புறம் சொம்பால நிக்கிற தண்ணியை மொண்டு எடுத்துட்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க. ஒரு விஷயம், ஃபில்டருக்குக் கீழ இருக்கிற குழியில எப்பவுமே கொஞ்சம் தண்ணி இருக்கும். அது நார்மல். ரப்பர் சீல் காயாம இருக்க அந்தத் தண்ணி வேணும். அதைப் பாத்துப் பயந்து சர்வீஸுக்குப் போன் பண்றவங்க இருக்காங்க. மெஷினோட தரை முழுக்கத் தண்ணி நின்னாத்தான் கோளாறு.

ஃபில்டரைத் திருகிக் கழட்டினேன். கறிவேப்பிலை, கடுகு, ஒரு புளியங்கொட்டை. "பாத்தீங்களா?"ன்னு அம்மாகிட்ட ஜெயிச்ச மாதிரி காட்டினேன். பழைய பல்துலக்கி வெச்சுத் தேய்ச்சுக் கழுவிப் போட்டு ஓட்டினேன். ம்ஹூம். உர்ர்னு சத்தம் வருது, தண்ணி அப்படியே நிக்குது.

அடுத்தது பம்ப். ஃபில்டர் குழிக்குள்ள ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழட்டினா காத்தாடி மாதிரி ஒண்ணு தெரியும். கையில கிளவுஸ் போட்டுக்குங்க, உடைஞ்ச கண்ணாடிச் சில்லு அங்கதான் போய் உக்காந்திருக்கும். விரலால சுத்திப் பாத்தா வழுக்கிட்டுச் சுத்தாது, விட்டு விட்டு, தடக் தடக்னு சுத்தும். உள்ள காந்தம் இருக்கிறதால அப்படி. நான் அது தெரியாம பம்ப் போச்சுன்னு அரை மணி நேரம் ஆன்லைன்ல புது பம்ப் தேடிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தேடல்ல ஒண்ணு கவனிச்சேன். அந்த பம்ப் வெறும் 30 வாட் அளவுதான். நம்ம மிக்ஸி 750 வாட். அதாவது, இது ஒரு நோஞ்சான். சிங்க் உயரத்துக்குத் தண்ணியைத் தூக்கி விடும், அதுக்கு மேல பெருசா எதிர்பாக்கக் கூடாது. வழியில எங்கயாவது இறுக்கிப் பிடிச்சா, மோட்டார் நல்லா இருந்தாலும் தண்ணி நகராது.

அப்பதான் செய்ய வேண்டியதைச் செஞ்சேன். பாதையைப் பாதியா வெட்டுறது. கோடுல பக் எங்கன்னு தெரியலைன்னா நடுவுல ஒரு பிரிண்ட் போட்டுப் பாப்போம் இல்லையா? இங்க நடு எதுன்னா, மெஷின்லேர்ந்து வர்ற ஹோஸோட முனை. அதைக் கழட்டி, சிங்க்குக்குள்ள ஒரு பக்கெட் வெச்சு அதுல விட்டேன். தரையில வைக்காதீங்க. தரையில வெச்சா பள்ளத்தைப் பாத்துத் தண்ணி தானா இறங்கினாலும் இறங்கும், பம்ப் வேலை செய்யுதான்னே தெரியாது. எங்க மெஷின்ல ஸ்டார்ட் பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடிச்சா ரீசெட் ஆகி, தண்ணியை வெளிய தள்ளும். அழுத்தினேன். பக்கெட்ல தண்ணி பீய்ச்சி அடிக்குது!

ஆக ஃபில்டர், பம்ப், கம்பெனி ஹோஸ் மூணுமே சுத்தம். கோளாறு அதுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருந்தது பூரா நான் பண்ணின வேலை.

தீபாவளி அன்னைக்கு, கழுவுற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு ஒரு ஐடியா பண்ணினேன். கம்பெனி ஹோஸ் முனையில ஒரு ஜாயின்ட் போட்டு, 4 மீட்டர் தோட்டத்து ஹோஸைச் சொருகி, சுவத்துல ஓட்டை போட்டு, கொல்லையில வாழைப் பாத்திக்கு விட்டேன். இன்ஸ்டாகிராம்ல ஸ்டோரி கூடப் போட்டேன். ஹோஸை எவ்வளவு நீட்டலாம்னு மேனுவல்லயே ஒரு எல்லை போட்டிருக்கான். படிச்சேனா? தோட்டத்து ஹோஸ் அரை இன்ச்தான், கம்பெனி ஹோஸை விட ஒல்லி. உள்ள சூடா இருக்கிறவரைக்கும் எண்ணெய் உருகித் தண்ணியோட ஓடும். ஜாயின்ட்டைத் தாண்டி ஆறினதும் உறைஞ்சு ஒட்டிக்கும். ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு பூச்சு. வெளி முனையைப் போய்ப் பாத்தா, பாத்தி மண்ணுக்குள்ள நாலு விரக்கடை புதைஞ்சு கிடக்கு. ஹோஸை வெட்டினேன். உள்ள வெள்ளையா மெழுகு மாதிரி அடைச்சு, தீக்குச்சி நுழையிற அளவுக்குத்தான் வழி. நாத்தம் சொல்ல முடியாது.

இன்னொரு கொடுமை. எங்க போர் தண்ணி கடினத் தண்ணிங்கிறதால மெஷின்ல உப்பு போடணும். மெஷின் அந்த உப்பால தன் சாஃப்ட்னரைக் கழுவிட்டு, உப்புத் தண்ணியை வெளிய தள்ளும். அதை மாசக்கணக்கா வாழைக்குப் பாய்ச்சியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பெரம்பலூர் போய், டிஷ்வாஷர் ஹோஸ் மாட்ட பக்கவாட்டுல மூக்கு வெச்ச சிங்க் பாட்டில் ட்ராப் ஒண்ணு வாங்கினேன். இங்கயும் ஒரு பொறி இருக்கு. புது ட்ராப்ல அந்த மூக்கு உள்பக்கம் பிளாஸ்டிக்கால மூடியே வரும். வெட்டி எடுக்காம மாட்டினா, பழையபடி தண்ணி நிக்கும். கடைக்காரர் சொன்னதால தப்பிச்சேன். ஹோஸை மேடைக்கு அடியில மேல தூக்கி ஒரு வளைவு கொடுத்துக் கட்டிட்டு, அப்புறம் கீழ இறக்கி ட்ராப்ல மாட்டினேன். அந்த வளைவு இல்லைன்னா சிங்க் அழுக்கு திரும்ப மெஷினுக்குள்ள வரும்.

1886ல ஜோசபின் காக்ரேன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி டிஷ்வாஷருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. வேலையாட்கள் கழுவும்போது பீங்கான் தட்டோட ஓரம் உடையுதேங்கிற கவலையில ஆரம்பிச்சது அது. கழுவுறவங்க கை வெடிக்கிறதைப் பத்தி அந்தக் கதையில எங்கயும் கேள்விப்படல. சும்மா தோணுச்சு.

மாட்டி முடிச்சு ஓட்டினோம். கொஞ்ச நேரத்துல சிங்க்குக்கு அடியில கடகடன்னு தண்ணி இறங்குற சத்தம். அம்மா குனிஞ்சு காது கொடுத்துக் கேட்டாங்க.

"அப்ப நான் கெடுக்கல?"

"இல்லம்மா. நான்தான். அந்த வாழைக்கு விட்ட பைப்பு."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "புளியங்கொட்டையைத் தூக்கிக் காட்டினியே"ன்னாங்க.

"ஆமாம்மா. தப்புதான்."

"மூணு வாரம்டா." அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

ராத்திரி பதினோரு பேர் வந்தாங்க. அத்தை எழுந்து சிங்க் பக்கம் போனாங்க. அம்மா அவங்க கையிலேர்ந்து தட்டை வாங்கி, சக்கையை வழிச்சுட்டு மெஷின்ல அடுக்கினாங்க. ஸ்டார்ட் பட்டனை அழுத்தப் போனவங்க நிறுத்தி, என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, போய் வெளிய பாரு. பைப்பு எதாச்சும் மாட்டி வெச்சிருக்கியா?"