தேய்ந்த கியரும் தொழிலாளி உயிரும்

(ஜார்ஜ் டவுனில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஒரு பட்டறைத் தொழிலாளி ஆற்றிய உரை)

அக்கரையிலிருந்து பாலம் கடந்து பினாங்குக்கு வந்திருக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் கிராணிமார்களுக்கும் என் வணக்கம். நான் மேடைப் பேச்சாளன் அல்லன், ஸ்பானர் பிடிப்பவன். சம்பளத்தைப் பற்றிப் பேச இங்கே அனுபவசாலிகள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரு கியரைப் பற்றி. "இது பட்டறைக்காரன் சங்கதி, நமக்கென்ன?" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நாம் வெட்டிய பாலை மலைக்காட்டிலிருந்து ஸ்டோருக்கு இழுத்து வருவது டிராக்டர். அது வழியில் கெட்டால் பாலும் கெடும்; சரிவில் கெட்டால் உயிரே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். பால் நிறைந்த தாங்கியை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் செம்மண் சரிவில் இறங்கியது. டிரைவர் முறைப்படி 'லோ'வில்தான் போட்டிருந்தார். பாதிச் சரிவில் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிட்டது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தது. ஈர மண்ணில் பிரேக் மட்டும் அத்தனை பாரத்தையும் தாங்குமா? அவர் சமயோசிதமாக வண்டியைக் கரைமேட்டில் மோதி நிறுத்தினார். தோள் எலும்பு முறிந்தது. பால் முழுவதும் கானில் ஓடிற்று. அறிக்கையில் முதலில் எழுதியது என்ன தெரியுமா? "டிரைவரின் கவனக்குறைவு!" பெட்டியைப் பிரித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது.

1956-இல் வந்த ஃபெர்குசன் 35, அதன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் 35, 135 ஆகியவற்றில் கியர் பெட்டியின் பின்கோடியில் 'கிரகக் கியர்' என்ற ஓர் அமைப்பு உண்டு. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனமும் இந்தக் குடும்பத்து டிராக்டர்களையே செய்யத் தொடங்கியது. கோயிலில் நவக்கிரகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் மற்றவை. இங்கேயும் நடுவில் ஒரு சூரியக் கியர். அதைச் சுற்றி ஒரு தாங்கியில் பொருத்திய சிறு கிரகக் கியர்கள். அவற்றுக்கு வெளியே உட்பக்கம் பல் வெட்டிய, அசையாத வளையம். வளையத்தின் பற்கள் சூரியனின் பற்களைப் போல் மூன்று மடங்கு என்று வையுங்கள். சூரியன் நான்கு சுற்றுச் சுற்றினால் தாங்கி ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் காலாகக் குறையும். இழுக்கும் பலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மூன்று கியர் இதனால் ஆறாகிறது. 'ஹை'யில் இந்த அமைப்புக்குப் பாரமில்லை, 'லோ'வில்தான் முழுப்பாரமும். ஆகவே மேடு பள்ளத்தில் உழைக்கும் தோட்டத்து வண்டியில் இது சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை.

அன்று பிரித்தபோது கண்டது இது: முன்பு யாரோ ஒரு கிரகக் கியரை மட்டும் புதிதாகப் போட்டு, மற்றவற்றைப் பழையபடி விட்டிருந்தார்கள். பாரத்தை எல்லாம் சமமாகப் பங்கிட வேண்டும். ஒன்று புதிது, மற்றவை தேய்ந்தவை என்றால் புதியதே முழுச் சுமையையும் சுமந்து சீக்கிரம் அழியும். ஒற்றுமை இல்லாத சங்கத்தின் கதிதான்! அதன் ஊசி ரோலர்கள் நொறுங்கி, பின் அரைபட்டு, வாஷர் காகிதம்போல் ஆகியிருந்தது. 'லோ'வைப் பிடிக்கும் கப்ளரின் பற்கள் முனை மழுங்கியிருந்தன. அதைத் தள்ளும் ஃபோர்க்கும் தேய்ந்திருந்தது. லீவர் நழுவியதற்கு அதுவே காரணம்.

இதைச் சரிசெய்யக் குறுக்குவழி இல்லை. வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் முன் அச்சின் இருபுறமும் மரக்கட்டை ஆப்பு இறுக்கி, இரு பாதிக்கும் உறுதியான முட்டு கொடுக்க வேண்டும். இல்லையேல் முன்பாதி சாய்ந்து ஆளை நசுக்கும். கிரகக் கியர்கள், பின், ஊசி ரோலர், வாஷர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். தாங்கியின் துளை நீள்வட்டமாகியிருந்தால் தாங்கியும் போகவேண்டியதுதான். ரோலர்களை எண்ணிக் கிரீஸில் ஒட்டிப் பொருத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாழ். மழுங்கிய கப்ளரை அரம் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றக்கூடாது, புதிது போடவேண்டும். இன்னொன்று: இவ்வண்டியில் கியர் எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் ஒன்றே. உடைந்த இரும்புத் தூள் பம்பையும் கெடுக்கும். ஆகவே முழுவதையும் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினால்தான் வேலை முடிந்ததாகும்.

டிரைவர் தோழர்களே, கியர் பேசும், கேளுங்கள். 'லோ'வில் மட்டும் ஊளை, 'ஹை'யில் அமைதி என்றால் நோய் இங்கேதான். எண்ணெயில் மினுமினுப்பு தெரிந்தால் இரும்பு தேய்கிறது. பால்போல் வெளுத்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லீவர் ஒருமுறை நழுவினாலே வண்டியைச் சரிவில் இறக்காதீர்கள். லீவரைக் கயிற்றால் கட்டி ஓட்டுவது வீரமல்ல, விபரீதம்.

கிராணிமார்களே, டிரைவர் வாயால் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளை "கவனக்குறைவு" என்று பழி வரும்போது அந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொரு படி மேலே போகிறது: உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணமிருந்து, நிர்வாகம் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதைக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் நாம்.

பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மரம் மாறினாலும் சரிவு மாறவில்லை, டிராக்டரும் மாறவில்லை. தேய்ந்த கியருக்கு மாற்று கடையில் கிடைக்கும். போன உயிருக்கு எந்தக் கடையில் மாற்று வாங்குவது? இதை உங்கள் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.